எலி கடிக்கலை

பாப்பா செல்விக்கு,

நைனா எழுதுறேன். போன் எடுக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு எழுதலை. பெரியம்மா வீட்டுல சிக்னல் சரியாக் கிடைக்காதுன்னு உங்கம்மா சொல்றா. சரி, அப்படியே வெச்சுக்குவோம். 18 நாளாக் கிடைக்கலை.

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, தெரிஞ்சதுதான். ஐஸ் கம்பெனியில எனக்கு ராத்திரி ஷிஃப்ட். தம்பி படிக்கிறேன்னு சொல்லிக்கிறான்.

பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறே? ஜியாகிரபியில ஒரு மார்க் கேள்வியெல்லாம் நீ கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுவே, எனக்குத் தெரியும். அஞ்சு மார்க்தான். அந்தப் பக்கத்தை மட்டும் வெறுமனே விட்டுட்டு வராதே. தெரியலைன்னாலும் எதுனா எழுது. பொதுவாத்தான் சொல்றேன், பெரியம்மா எங்கிட்ட எதுவும் சொல்லலை.

கேள்வியில என்ன சொல்லு போட்டிருக்கான்னு மொதல்ல பாரு. 'வரையறு'ன்னா ரெண்டு வரி போதும். 'வேறுபடுத்துக'ன்னா நடுவுல கோடு போடு, இந்தப் பக்கம் ஒண்ணு சொன்னா அந்தப் பக்கம் அதுக்கு ஜோடி இருக்கணும். 'காரணம் கூறு'ன்னு கேட்டா நீ கதை சொல்ல ஆரம்பிச்சுடுறே, அதான் உன் தப்பு. டென்த்துலயே பார்த்தேன். அலை எப்படி எழும்பும், எப்படி உடையும்னு அரைப் பக்கம். காத்து தண்ணி மேல உரசுறதாலதான்னு ஒரு வரி இல்லை. அந்த வரிக்குத்தான் மார்க்.

கடலரிப்பு வந்தா நம்ம தெருவையே எழுது. வலை காயப்போடுற மணலைத் தாண்டித்தான் தண்ணி இருந்துச்சுன்னு ஆயா சொல்லும்ல? இப்போ கதவைத் தொறந்தா கருங்கல்லு. சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் போட்டது 1875. வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கிற மாசத்துல கடல் மணலைத் தெக்கே தள்ளும், மிச்ச மாசம் பெரும்பாலும் வடக்கே. கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் அதிகம். குறுக்கே துறைமுகச் சுவரு வந்ததும் மணல் தெக்குப் பக்கமே நின்னுடுச்சு, அதான் மெரினா அவ்ளோ அகலம். நமக்கு வர வேண்டியது வரலை, அலை மட்டும் அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவுது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு வரிசையா அரிச்சுது. கல்லு கொட்டினாங்க, கடலுக்குள்ள நீட்டிக் கல்லுச் சுவரா தூண்டில் வளைவு போட்டாங்க. போட்ட எடம் நின்னுச்சு, அதுக்கு வடக்கே அரிச்சுது. தீர்வோட குறை இதுதான்னு அதையும் எழுது, நெறைய பேரு விட்டுடுவான். பக்கத்துல சின்னதா படம்: கரைக்கு ஒரு கோடு, சுவருக்கு ஒரு கோடு, மணல் போற பக்கம் அம்புக்குறி, வடக்கு எதுன்னு குறி. வடக்குக் குறியை மறந்துடுவே. மறக்காதே.

போன வாரம் ஐஸ் கம்பெனிப் பசங்களுக்கு இதைச் சொன்னேன். உனக்கு எப்படிண்ணா தெரியும்னாங்க. எம்பொண்ணு சொல்லிக்குடுத்துச்சுன்னேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது அந்தக் கல்லு மேல உக்காந்து எனக்குச் சொன்னதைத்தான் இப்போ உனக்கே திருப்பி எழுதிக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு உன் மடியில அந்த அட்லஸ் இருந்துச்சு.

அட்லஸை எலி கடிக்கலை செல்வி.

கம்ப்யூட்டர் குரூப் வேணாம்னு நின்னே பாரு, அன்னிக்கு ராத்திரி நீ தூங்கினப்புறம் நான் எடுத்தேன். விடிஞ்சதும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன். கொசஸ்தலை ஆத்தை நீலப் பென்சில்ல வரைஞ்சிருந்தியே, அந்த நோட்டும் அதோட போச்சு. 14 ரூபா குடுத்தான். நீ பரண் மேல ஏறித் தேடினே. நான் கீழ நின்னு ஏணியைப் புடிச்சுக்கிட்டேன். எலிதான்னு சொல்லி, பொறி வேற வாங்கியாந்து வெச்சேன். அந்தப் பொறி இன்னும் அடுப்பு மேடைக்குக் கீழதான் கெடக்கு, ஒரு எலியும் விழலை. உங்கம்மாவுக்கும் தெரியாது. நீ போனை எடுத்திருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டேன், தம்பியைப் பத்திப் பேசிட்டு வெச்சிருப்பேன்.

பாரிமுனையில புதுசு ஒண்ணு வாங்கினேன். மொதப் பக்கத்துல பேரு எழுதலை, நீயே எழுதிக்க. அவுட்லைன் மேப்பும் ஒரு கட்டு இருக்கு. கேள்வித்தாள் குடுத்ததும் பத்து நிமிஷம் படிக்கத்தான். எந்த அஞ்சு மார்க்கைத் தொடப்போறேன்னு அப்பவே முடிவு பண்ணிடு. வெறும் பக்கமா விடாதே.

ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் இல்லை. பீச் ஸ்டேஷன்லேருந்து செங்கல்பட்டு வண்டி புடிச்சு வரேன். பேச வேணாம்னா பரவாயில்லை, பெரியம்மாகிட்ட குடுத்துட்டுக் கெளம்பிடுறேன்.

நைனா

பி.கு: சங்கரா வறுத்துக் குடுத்தனுப்பட்டுமான்னு அம்மா கேக்கச் சொன்னா. வேணும்னா தம்பி போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடு.