வரையாட்டை வரைய அனுமதி கேட்டு ஒரு திறந்த மடல்

மலைக்காடுகளுக்குள் நுழைய அனுமதி வழங்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெட்டவெளியில் அமர்ந்து மலைகளையும் புல்வெளிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டுபவன் நான். ஓவியர்களுக்கெனத் தனி அனுமதிச் சீட்டு வேண்டி நாங்கள் சிலர் அனுப்பிய விண்ணப்பங்களைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற மாதம் நடந்தது இம்மடலை எழுத வைத்தது.

அன்று காலை ஆறரை மணிக்குச் சோதனைச் சாவடியில் நின்றேன். என் முக்காலித் தாங்கியைக் கண்ட பணியாளர், அது படப்பிடிப்புக் கருவி என்றும், அதற்கான கட்டணமும் மேலிடத்துக் கடிதமும் இல்லாமல் உள்ளே விட இயலாது என்றும் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கையிலிருந்த கட்டணப் பட்டியலில் ஓவியம் என்ற சொல்லே இல்லை. மேலிடத்துப் பதில் வந்தபோது மணி பத்தே முக்கால். வெயில் ஏறிவிட்டது, பாறை விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்த வரையாடுகள் கண்ணுக்கு எட்டாத சரிவில் இறங்கிவிட்டன.

வயதேறிய கிடாயின் கரும்பழுப்பு முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு ஒன்று இருக்கும். புகைப்படத்தில் அது வெறும் சாம்பல் நிறமாகவே தெரிகிறது. மூடுபனி விலகும் சில நிமிடங்களில் பக்கத்துப் புல்லின் மஞ்சள் அதன்மேல் படிவதை, முதல் பூச்சு ஈரக்காற்றில் காயாமல் கிடக்க, நேரில் பார்த்துக்கொண்டே தீட்டினால்தான் அந்த நிறம் தூரிகைக்கு வரும். நான் இழந்தது அந்த நிமிடங்களை.

சங்கப் பாடல்கள் வருடை என்று பாடிய இந்த உயிரினம் நம் மாநில விலங்கு. இதைக் காக்க 2022-இல் அரசு 25.14 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகளே தென்பட்டன. ஆனால் ஒரு பள்ளியில் என் ஓவியங்களை வைத்தபோது, "இது யார் வீட்டு ஆடு?" என்று ஒரு குழந்தை கேட்டது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் நாங்கள் மலையேறுகிறோம். ஒலிபெருக்கி அலற வரும் சுற்றுலா வண்டிகள் தடையின்றி மேலேறுகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரமும் தைலமரமும் புல்வெளியை விழுங்கிக்கொண்டே போகின்றன. ஓசையின்றி உட்கார்ந்திருப்பவனை மட்டும் நான்கு மணி நேரம் நிறுத்திவைப்பது எந்த வகையில் காட்டைக் காக்கும்? சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள்.

மீண்டும் பணிவுடன் கேட்பது இதுதான்: கட்டணப் பட்டியலில் ஓவியத்துக்கென ஒரு வரி சேர்த்து, விடியற்காலையிலேயே செல்லும்படி முன்கூட்டியே அனுமதிச் சீட்டு தாருங்கள். தாங்கள் காட்டும் இடத்தைவிட்டு ஓர் அடி நகரமாட்டோம். காவலர் உடனிருக்கட்டும், அதற்கான கட்டணத்தையும் செலுத்துகிறோம். தூரிகை கழுவிய நீரைக்கூடப் புட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருவோம். அக்டோபர் 7, வரையாடு நாளுக்குள் தங்கள் பதில் கிடைத்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஓவியன்