உருண்டை போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். சுங்கை பினாங்கு ஆற்றைச் சுத்தப்படுத்த நுண்ணுயிர் கலந்த மண் உருண்டைகளை வீசும் திட்டம் பற்றி ஞாயிறு இதழில் படித்தேன். 2009இல் கர்னி டிரைவ் கடலோரத்திலும் இலட்சக்கணக்கில் வீசினோமே! நுண்ணுயிர்மேல் எனக்குக் குறையில்லை. 1989இல் அலாஸ்காவில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரம் தெளித்து எண்ணெயைத் தின்ன அங்கிருந்த பாக்டீரியாவையே வேலை வாங்கினார்கள். சரி, அங்கே எண்ணெய் கொட்டியது ஒரு முறைதான்.

எங்கள் வீட்டுப் பின்புறச் சாக்கடையிலோ, பக்கத்து உணவுக்கடையின் கழிவெண்ணெய் தினமும் இரவில் வந்து சேர்கிறது. காலையில் வெள்ளையாக ஆடை கட்டி, அதன்மேல் கறிவேப்பிலை ஒட்டிக் கிடக்கும். மாநகர் மன்றம் முதலில் கடைகளில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி இருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்கட்டும். உருண்டையை அப்புறம் வீசலாம்.

வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு