செயலாளரின் ஆண்டறிக்கை: கூரை, குளக்கட்டு, அணு உலை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர்களே, கிராம அலுவலர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, தாய்மாரே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் தலையிடுவதில்லை.

வழமையான பணிகள் வழமைபோல் நடந்தன. வாசிகசாலைக்கு நாளிதழ்கள் தடையின்றி வந்தன. முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு விழா மாரிக்கு முந்திக்கொண்டு நடந்து முடிந்தது. உயர்தர மாணவர்களுக்கான மாலை வகுப்பை ஆசிரியர்கள் ஊதியம் வாங்காமல் நடத்தித் தந்தார்கள். அவர்களுக்குச் சபை கடமைப்பட்டிருக்கிறது. பெரும்போக விதைப்புக் காலத்தில் மட்டும் நிர்வாக சபையைக் கூட்டுவது பெரும்பாடாக இருந்தது. கரப்பந்தாட்ட வலை மறுபடியும் கிழிந்திருக்கிறது. கிழித்தவர் யார் என்ற விசாரணையை இவ்வறிக்கையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது.

மண்டபத்தின் கூரை இன்னும் மாற்றப்படவில்லை. வரைபடத்தில் பொறியியலாளரின் கையொப்பம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. சிலர் இதைக் கெடுபிடி என்கிறார்கள். பிள்ளைகள் இருந்து படிக்கும் மண்டபத்துக்கு அந்தக் கையொப்பம் தேவைதான் என்பது என் அபிப்பிராயம். கையொப்பம் இப்போது வாங்கியாகிவிட்டது. விண்ணப்பம் மீண்டும் அனுப்பப்பட்டிருக்கிறது.

இனி இவ்வாண்டு வாசிகசாலையில் நடத்திய அணு உலை உரைத்தொடர் பற்றி. "செயலாளர் ஏன் வாசிகசாலைக்குள் அணு உலை கட்டிக்கொண்டிருக்கிறார்?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நாட்டில் அணுசக்தி பற்றிய பேச்சு பத்திரிகைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், இத்துறையை வளர்க்க ஒரு சபையையும் அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிக்க வேறொரு பேரவையையும் உருவாக்கியது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று இலங்கையின் ஆயத்தநிலையை மதிப்பிட்டது. எமது பல்கலைக்கழகம் எதிலும் இன்றுவரை அணு உலை கிடையாது. ஆனாலும் பல நாடுகள் முதலில் ஒரு சிறிய ஆராய்ச்சி உலையில்தான் கை வைத்துப் பழகின. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர், அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்தில் படிப்பவர், இதைச் சொல்லி, "அப்படி ஒன்று வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று பேசலாமா?" என்று வந்து நின்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், பல்கலைக்கழக உலைகளுக்கு அனுமதி கொடுத்த நாடுகள் நிலநடுக்கத்தை எப்படிக் கணக்கில் எடுத்தன என்பது.

முதல் உரையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கதை வந்தது. அங்கே பொறியியல் கட்டடத்துக்குள்ளேயே 1960 முதல் ஆர்கனோட் வகை உலை ஒன்று இயங்கியது. அதன் வலு 100 கிலோவாட். தகடுகளாக்கிய எரிபொருள் தண்ணீர்ப் பெட்டிகளுக்குள் நிற்கும். சுற்றிவரக் காரீயக் கட்டிகள், அதாவது பென்சிலில் உள்ள கிராபைட்டு. பொகலைச் சுரங்கத்தில் நாம் தோண்டியெடுக்கும் அதே வகைப் பொருள். அதற்கு வெளியே கதிர்வீச்சுக் காப்பாகக் கொங்கிரீட் கட்டிகள். எரிபொருளோ 93 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம், அதாவது ஆயுதத்துக்கு ஏற்ற தரம். பக்கத்து அறைகளில் மாணவர்கள் விரிவுரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். மின் நிலையத்து உலை என்றால் அதைச் சுற்றி ஆளில்லாத வளவு விடுவார்கள். பல்கலைக்கழக உலைக்கு அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

1971 பெப்ரவரி 9 விடியற்காலை அந்நகருக்கு வடக்கே சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் நிகழ்ந்தது. அளவு 6.6. புதிதாகக் கட்டிய வைத்தியசாலையே குலைந்தது. எம்மவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது அணையின் கதை. கீழ் சான் பெர்னாண்டோ அணை மண் அணை. நீருக்குள் இருந்த அதன் பக்கம் கட்டின் உச்சியையும் இழுத்துக்கொண்டு குளத்துக்குள் சரிந்தது. எஞ்சிய மண் நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஐந்தடிதான் நின்றது. கீழே குடியிருந்த 80,000 பேரை வெளியேற்றினார்கள். குளத்தில் நீர் உச்ச மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்ததால்தான் அந்த ஐந்தடியாவது மிஞ்சியது.

கட்டு எப்படிச் சரியும் என்று கேட்டார் கமக்கார அமைப்பின் முன்னாள் தலைவர். பிள்ளை பதில் சொல்லவில்லை. வெளியே போய் ஒரு வாளியில் ஆற்றுமணலை நிரப்பி, மணல் மூடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மேலதிக நீரை வடித்துவிட்டு, மேலே ஒரு செங்கல்லை நிறுத்தினார். செங்கல் அசையாமல் நின்றது. பின் வாளியின் பக்கத்தில் மரக்கட்டையால் விடாமல் தட்டினார். மணல் மினுங்கத் தொடங்கியது; நீர் மேலே கசிந்தது; செங்கல் ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாக உள்ளே இறங்கிவிட்டது. முன்னாள் தலைவர் எழுந்து வந்து விரலை விட்டுப் பார்த்தார். "வரம்பு கட்டுகிற மண்ணைப் பார்த்துத்தான் நாங்களும் எடுப்போம், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தார். 2018 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உலைக்கு வருவோம். 1980இல் பல்கலைக்கழகம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கேட்டபோது, அவ்வளாகத்திலேயே தோன்றிய குடிமக்கள் குழு ஒன்று எதிர்மனு தாக்கல் செய்தது. வழக்கு உரிமம் வழங்கும் மன்றத்தின் முன் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. நில அதிர்வில் கொங்கிரீட் கட்டிகள் இடம்பெயர்ந்து உலையின் மையத்தை நசுக்கினால் என்னவாகும், காரீயம் தீப்பிடிக்குமா, ஆயுதத் தர யுரேனியத்தை மாணவர் வளாகத்தில் வைத்திருப்பது முறையா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணைக்குழுவே ஆர்கனோட் உலைகளின் மையம் நசுங்கும் நிலையை ஓர் ஆய்வகத்தைக் கொண்டு கணக்கிடச் செய்தது. 1984இல் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று உலையை நிரந்தரமாக மூடியது. பத்தாண்டு கழித்து 1994 ஜனவரியில் நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அதே நகரை உலுக்கியது.

இரண்டாவது உரையில் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா எதிர்ப்பக்கம் நின்றார். அவர் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். "புக்குஷிமாவைக் காட்டிச் சிறிய உலையைப் பயமுறுத்த வேண்டாம்" என்றார். அவர் சொன்னதில் பௌதிகம் சரியாகவே இருந்தது. உலை நின்ற பிறகும் எரிபொருளில் வெப்பம் தொடர்ந்து பிறக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வலுவின் ஆறேழு சதவீதம். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரைச் சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். 3,000 மெகாவாட் வெப்பவலு கொண்ட மின்னுலையில் ஒரு சதவீதமே 30 மெகாவாட். பம்பிகளுக்கு மின்சாரம் இல்லையென்றால் எரிபொருள் உருகும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் கடற்கோளுக்கும் பின் ஜப்பானின் புக்குஷிமாவில் நடந்தது அதுதான். 100 கிலோவாட் உலையிலோ அந்த ஒரு சதவீதம் ஒரு கிலோவாட். நம் வீட்டு மின்கேத்தல் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். ட்ரைகா என்னும் வகை உலைகளில் எரிபொருளோடு சேர்த்த ஐதரைட்டு என்னும் ஐதரசன் சேர்வை, சூடேறியவுடன் தொடர்வினையைத் தானாகவே தணித்துவிடும். தொடர்வினையை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்கள் மின்காந்தத்தில் தொங்குவதால், மின் அறுந்தால் தம் பாரத்தாலேயே கீழே விழும்.

பிள்ளை மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு. கோல் விழும் குழாய் அதிர்வில் வளைந்துவிட்டால்? தொட்டி வெடித்துத் தண்ணீர் ஓடிவிட்டால்? தண்ணீர் குளிர்விப்பதோடு கதிர்வீச்சையும் மறைக்கிறதே; அது போனால் தொட்டிக்கு மேலே யார் போய் நிற்பது? நான்கு மாடிக் கட்டடம் உலையின் தலையில் விழுந்தால் தீயணைக்கும் படை எந்த வழியால் வரும்? சாதாரண விபத்தில் ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும். நிலநடுக்கமோ காப்பு, மின்சாரம், தெரு, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் பறித்துவிடும். ஆகவே உலை சிறியது என்பதை வைத்து இக்கேள்வியைத் தாண்டிவிட முடியாது. சபை அன்று இரண்டாகப் பிரிந்தது, தேநீர் ஆறிப்போனது.

அமெரிக்கச் சட்டத்திலேயே இந்த இழுபறி இருக்கிறது. 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம், ஆராய்ச்சி உலைகளுக்கு மிகக் குறைந்த அளவு ஒழுங்குமுறையே விதிக்க வேண்டுமென ஆணைக்குழுவைப் பணிக்கிறது; பொதுமக்களின் பாதுகாப்பையும் காக்கச் சொல்கிறது. குறைந்த அளவு எவ்வளவு என்பதற்கு அளவுகோல் அச்சட்டத்தில் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 1966 முதல் 1987 வரை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 1 மெகாவாட் ட்ரைகா உலை ஓடியது. நிலநடுக்கம் பிறக்கும் ஹேவார்ட் நிலப்பிளவு அதே வளாகத்தின் விளையாட்டரங்குக்கு அடியால் செல்கிறது. அரங்கின் சுவர்களைப் பிளவு மெதுவாக இழுத்து விரிசல் விட்டது. உலைக்கும் பிளவுக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அதே மாநிலத்து வலசிட்டோஸ் என்ற இடத்தில், நிறுவனமொன்றின் 50 மெகாவாட் சோதனை உலையை 1977இல் நிறுத்தினார்கள். அருகே பிளவு இருப்பதாக உலை கட்டிப் பல ஆண்டுகளின் பின் தெரியவந்ததே அதற்குக் காரணம். மருத்துவத்துக்கான ஐசோடோப்புகள் செய்த உலை அது. மீண்டும் இயங்கவே இல்லை. நிலத்தைத் தோண்டிப் பார்ப்பது அத்திவாரம் போட முன் செய்ய வேண்டிய வேலை.

ஜப்பான் மறுபக்கத்துக்குப் போனது. புக்குஷிமாவுக்குப் பின் வந்த புதிய விதிகளால் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் 5 மெகாவாட் உலை 2014இல் நின்று 2017இல்தான் மீண்டும் இயங்கியது. கின்டாய்ப் பல்கலைக்கழகத்தின் உலையும் மூன்று ஆண்டளவு நின்றது. அதன் வலு ஒரு வாட். கிலோவாட் அல்ல, வாட். கைவிளக்கு மின்குமிழுக்கு ஈடான அந்த உலைக்கும் விண்ணப்பம், மறுஆய்வு, அதிர்வுக் கணக்கு எல்லாம் கேட்டார்கள். மாணவர்கள் பயிற்சி இழந்ததுதான் மிச்சம். அதிபர் ஐயா இதைக் கேட்டு முகம் மலர்ந்தார்.

என் கருத்தையும் பதிந்துவிடுகிறேன். நான் உலைக்கு எதிரி அல்லன். வன்னியிலிருந்து புற்றுநோயாளிகள் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு பஸ் ஏறுவதை நாம் அனைவரும் பார்க்கிறோம். நோயறியப் பயன்படும் டெக்னீசியம் 99எம் போன்றவை உலகெங்கும் பெரும்பாலும் ஆராய்ச்சி உலைகளில்தான் பிறக்கின்றன. எமது பிள்ளைகள் அத்துறையைக் கற்கட்டும். ஆனால் கேள்வி எல்லா உலைக்கும் பொதுவாக இருக்கட்டும். பதில் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் உலையின் பருமன் தீர்மானிக்கட்டும். ஒரு வாட் உலைக்கு இரண்டு பக்கம் போதும். அந்த இரண்டு பக்கத்தையும் அயலவர் வாசிக்கவும், எதிர்க்கேள்வி எழுதிக் கொடுக்கவும், எழுத்தில் பதில் பெறவும் வழி இருக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் அந்த வழி திறந்திருந்தபடியால்தான் ஒரு குடிமக்கள் குழுவால் மன்றத்தில் ஏற முடிந்தது.

"இலங்கையில் நிலநடுக்கம் ஏது?" என்ற கேள்வியும் வந்தது. நாம் நிற்பது மிகப் பழைய பாறை. புவியியலாளர் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். தட்டுகளின் விளிம்பு எமக்குத் தொலைவு. ஆனாலும் 2020இல் கண்டி திகன பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டி, சிறு அதிர்வுகள் பல பதிவாகின. பல்லேகலையிலும் மகாகனதராவையிலும் அதிர்வுமானிகள் இருக்கின்றன. மேலும் 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே, இங்கிருந்து 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால் நிலம் நடுங்கியது. முல்லைத்தீவில் எவர் வீட்டுச் சுவரும் அதனால் விழவில்லை, கடல்தான் வந்தது. அன்றே கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பி நிலையத்துக்குள் புகுந்ததால் இயங்கிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது. அது பாதுகாப்பாகவே நின்றது. அதிர்வுக் கணக்கு என்றால் காலடி நிலத்தோடு முடிகிற கணக்கு அல்ல என்பதற்கு இச்சபையில் சாட்சி சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை.

உரைத்தொடரின் முடிவில் ஒரு கடித வரைவு தயாரானது. எதிர்காலத்தில் இந்நாட்டில் எந்த ஆராய்ச்சி உலைக்கும் இடம் தேர்ந்தால், நில ஆய்வு அறிக்கை கட்டுமானத்துக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். அயலவரின் எழுத்துமூலக் கேள்விகளுக்குக் காலவரையறையோடு பதில் தரப்பட வேண்டும். எரிபொருள் தாழ்செறிவாக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. "இல்லாத உலைக்கு இப்போதே ஏன் கடிதம்?" என்று நிர்வாக சபையில் இருவர் ஆட்சேபித்தனர். உலை வந்த பிறகு எழுதிய கடிதங்களின் கதைதான் மேலே வாசித்தது என்பது தலைவரின் பதில். ஆட்சேபம் குறிப்பேட்டில் பதியப்பட்டிருக்கிறது. அதிபர் ஐயா வரைவில் கையொப்பமிட்டார். "தேவையற்ற பயமுறுத்தல்" என்ற இடங்களில் சிவப்புப் பேனாவால் வெட்டியும் தந்தார். அந்தப் பிரதி மேசையில் இருக்கிறது, பார்க்கலாம்.

வரைவை ஏற்பதா, திருத்துவதா, கைவிடுவதா என்பது இப்பொதுக்கூட்டத்தின் முடிவு. உரைகளுக்கு ஒளிப்படக் கருவி இரவல் தந்த பாடசாலைக்கும், தேநீருக்குப் பால்மா தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி. வாளியை எடுத்துச் சென்றவர் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்