கேலி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரியவர்கள் கார்ட்டூன் பார்த்தால் குழந்தைத்தனம் என்று கேலி செய்கிறார்கள். 1940-இல் தொடங்கிய ‘டாம் அண்டு ஜெர்ரி’ குழந்தைகளுக்கென்றே எடுத்ததல்ல. திரையரங்கில் எல்லா வயதினருக்கும் ஓட்டிய ஏழெட்டு நிமிடக் குறும்படங்கள் அவை. கார்ட்டூன்கள் தொலைக்காட்சிக்கு வந்தபின்தான் செலவைக் குறைக்க ஓவியங்களையும் குறைத்தார்கள். அப்படித் தொலைக்காட்சிக்கென எடுத்த கார்ட்டூனின் நாயகன் யோகி கரடியின் கழுத்துப்பட்டையைக் கவனியுங்கள். உடலை அசையாமல் வைத்து, தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் ஒட்டு தெரியும். அதை மறைக்கத்தான் அந்தக் காலர். இந்தச் சாமர்த்தியமெல்லாம் சின்ன வயதில் கண்ணில் படாது.

இன்று பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை உண்டு. புதிய டிவிகள் பலவற்றில் அசைவை வழவழப்பாக்கும் வசதி முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். கார்ட்டூனில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேம் நிற்பதால் பெரும்பாலும் 12 ஓவியங்கள்தான். நடுவே டிவி தானாகப் படத்தைச் செருகினால் கோடுகள் இழுபடும், அடிவாங்கும் பூனை மிதக்கும். பட அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். பழைய படங்களின் அகலமும் உயரமும் பெரும்பாலும் ஏறக்குறைய 4:3 விகிதத்தில் இருக்கும். திரையை நிரப்பப் பக்கவாட்டில் இழுத்தால் சுண்டெலி பெருச்சாளி ஆகிவிடும்!

— ஒரு வாசகர்