ஜன்னலைத் திறந்துவிட்டவர்களுக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் மாநகரில், கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் தேர்டு வார்டு பகுதி மக்களுக்கு வணக்கம்.

உங்களில் அநேகமாக எவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இந்த நன்றி மடலை எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில், எனக்கு வந்த அளவில், நேரிலேயே சொல்லிவிட்டேன். இதே ஊருக்கு வேலைக்கு வந்து வீடு தேடும் என் மொழிக்காரர்களுக்கும் நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பது தெரிய வேண்டும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

நான் உங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்தது உதவி செய்ய அல்ல, வீடு வாங்க. நகர மையம் கூப்பிடு தூரம், மூன்று மாடிப் புது வீடு, இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது என்று தரகர் அழைத்து வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பியபோது எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி, அந்த மனையில் முன்பு யார் குடியிருந்தார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை, உட்காரச் சொன்னார். பக்கத்தில் விலை கூடிய வீடு ஒன்று எழும்பினால் தம் மனையின் மதிப்பும் அதோடு சேர்ந்து சொத்துவரியும் ஏறும், ஓய்வூதியம் மட்டும் ஏறாது, கடைசியில் யாரும் விரட்டாமலேயே ஆட்கள் வெளியேறிவிடுவார்கள் என்பதை ஒரு கணக்காசிரியையின் நிதானத்தோடு விளக்கினார். நான் அந்த வீட்டை வாங்கவில்லை. அதற்கு என் மனசாட்சி மட்டுமே காரணம் என்று பெருமை பேச மாட்டேன். வட்டி விகிதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

தெருவே பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்து அழைக்கும் அந்த அம்மையாருக்கே என் முதல் நன்றி. அவருடைய மரவீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அக்கம்பக்கத்தார் கூடிய ஒரு சனிக்கிழமை, நானும் போய் நின்றேன். ஆர்வக்கோளாறில், முன்னறை ஜன்னலின் சட்டத்தையும் நிலையையும் ஒன்றாகச் சேர்த்துப் பூசிவிட்டேன். மேலே தள்ளித் திறக்க வேண்டிய அந்த ஜன்னல் மறுநாள் திறக்கவில்லை. ஹூஸ்டனின் ஆகஸ்டு மாதத்தில் திறக்காத ஜன்னல் என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எதிர்த் தெருவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர், மெல்லிய பட்டித்தகட்டை இடுக்கில் செருகி, தாளைக் கிழிப்பதுபோல் பெயிண்டை நாலு பக்கமும் அறுத்து, கீழ்ச்சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். ஜன்னல் மேலே போனது. தகட்டை என் கையில் கொடுத்து, இனி இது உன்னுடையது என்றார். ஒரு சொல் திட்டவில்லை. ஐயா, அந்த மௌனத்துக்கும் சேர்த்து நன்றி.

வேலையின் ஊடே நீங்கள் சொன்ன கதைகளால்தான் நான் நிற்கும் மண் எது என்று எனக்குப் புரிந்தது. அடிமைத்தளை ஒழிந்த செய்தி 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸில் அறிவிக்கப்பட்டது. அந்த நாளைக் கொண்டாடப் பொது இடம் இல்லாத நிலையில், ஜாக் யேட்ஸ், ரிச்சர்டு ஆலன், ரிச்சர்டு பிராக், இலையஸ் டிபிள் ஆகிய கறுப்பினத் தலைவர்கள் முன்னின்று மக்களிடம் பணம் திரட்டி 1872-இல் 10 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். விடுதலையாகி ஏழே ஆண்டுகளில், தமக்கே வழியில்லாதவர்கள் ஊருக்காக வாங்கிய அந்த நிலம்தான் இன்றைய எமான்சிபேஷன் பூங்கா, அதாவது விடுதலைப் பூங்கா. அதன் ஓரமாகச் செல்லும் சாலை, உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தரப்பின் படை அதிகாரி டவ்லிங்கின் பெயரை நெடுங்காலம் தாங்கி நின்று, 2017-இல்தான் எமான்சிபேஷன் அவென்யூ ஆனது. பெயர்ப்பலகை மாறுவதற்கே இவ்வளவு காலம் பிடித்த ஊரில், பாழடைந்த வீடுகள் மாறும்வரை காத்திருக்காமல் நீங்களே கையில் சுத்தியலை எடுத்தீர்கள்.

அந்தக் கதை ஹோல்மன் தெருவில் இருக்கிறது. ஒரு பள்ளி மாணவர் ஓவியர் ரிக் லோவிடம், எங்கள் பிரச்சினை எங்களுக்கே தெரியும், அதைப் படமாக வரைந்து காட்டுவானேன், கலைஞர் என்றால் தீர்வு ஒன்றைப் படைக்கக் கூடாதா என்ற பொருளில் கேட்டாராம். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காத லோவும், ஜேம்ஸ் பெட்டிசன், பெர்ட் லாங், ஜெசி லாட், ஃபிளாய்ட் நியூசம், பெர்ட் சாம்பிள்ஸ், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய ஆறு கலைஞர்களும் 1993-இல் சிதிலமான 22 வீடுகளை மீட்கத் தொடங்கினார்கள்; ‘பிராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ (வரிசை வீடுகள் திட்டம்) என்ற உங்கள் அமைப்பு பிறந்தது. அந்த 22-உம் ‘ஷாட்கன்’ வீடுகள்: குறுகிய முகப்பு, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். ஏழைகளின் கொட்டகை என்று மற்றவர்கள் ஒதுக்கிய அந்த வடிவத்தை அழகும் மாண்பும் உள்ளதாகத் தம் ஓவியங்களில் வரைந்தவர், டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் கலைத்துறையை நிறுவிய ஜான் பிகர்ஸ். அவர் கண்ணால்தான் அந்த எழுவரும் இந்த வரிசையைப் பார்த்தார்கள்.

சில வீடுகளைக் கலைஞர்களுக்குக் கொடுத்தீர்கள். அது எவருக்கும் தோன்றக்கூடியது. வேறு சில வீடுகளைக் கைக்குழந்தையோடு தனித்து நின்று படிப்பை முடிக்கப் போராடும் இளந்தாய்மார்களுக்கு ஒதுக்கினீர்களே, அதற்குத்தான் நான் தலை வணங்குகிறேன். சுவர்களை மீட்டுவிட்டு ஆட்களைத் தொலைப்பதற்குப் புத்துயிர் என்று பெயரிடும் திட்டங்களை வேறு இடங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். வாடகை கைக்கெட்டும் அளவில் நிற்க வேண்டும் என்பதற்காக 2003-இல் தனியே ஒரு வீட்டுவசதி அமைப்பை உருவாக்கியவர்களுக்கும், பழைய வீடுகளின் சாயல் கெடாமல் புதியவற்றை வடிவமைத்துத் தந்த ரைஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்களுக்கும் நன்றி.

இன்று நம்மிடையே இல்லாத ஒருவருக்கும் ஒரு சொல். அழகுக்கலைத் தொழிலில் சேர்த்த பணத்தைக் கொண்டு, கணவர் கிளாரன்ஸுடன் சேர்ந்து 1939-இல் எல்டராடோ நடன அரங்கைத் திறந்த ஆனா டுப்ரீ அம்மையாரைத்தான் சொல்கிறேன். நல்ல உடை உடுத்தி இசை கேட்கப் போக வேறு இடம் மறுக்கப்பட்ட மக்களுக்காக அவர் கட்டிய அரங்கு, 1970-களில் மூடப்பட்டு, 1999-இல் ‘பிராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ கைக்கு வந்து, 2023-இல் மறுபடி கதவு திறந்தது. அந்த மாடிப் படிகளில் என்னை முன்னால் போகவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறிய ‘மிஸ்’ அம்மையார், மேலே போனதும் தரையைக் காலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்துவிட்டு, வழுக்கல் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார். நான் கேட்ட திறப்புவிழா உரைகளில் இதுவே சிறந்தது.

முன்னறை முடிந்தது. சமையலறை ஜன்னல் இன்னும் பாக்கி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பட்டித்தகட்டோடு வந்துவிடுகிறேன். பழைய பெயிண்டைச் சுரண்டுவதும் உப்புத்தாள் போடுவதும் என் பொறுப்பு. தூரிகையை மட்டும் என் கையில் தர வேண்டாம் என்று அம்மையார் ஏற்கெனவே உத்தரவிட்டிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் தெருவில் வீடு வாங்காதவன்