நான்கு மணிக் கணக்கு

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். மூன்று மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாதவன் இன்று இரவோடு இரவாக உட்கார்ந்து எழுதுகிறானே என்று பாசத்தில் உருகிவிடாதே. சென்ற மாதம் ஒரு விசாரிப்பு வரிகூட இல்லாமல் உனக்கு அனுப்பிவைத்தேனே ஒரு பயண அட்டவணை, அதில் ஒரு தவறு இருக்கிறது. நீ ஆகஸ்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பெயினில் இருக்கும் யாத்திரைத் தலமான சந்தியாகோவுக்குச் சைக்கிளில் கிளம்புவதற்கு முன் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்தாக வேண்டும்.

நாங்கள் மூவர்தான் போனோம். நானும் வாத்தியாரும் பொருளாளனும். பொருளாளன் இப்போதும் பணத்தை மூன்று இடத்தில் ஒளித்துவைத்துவிட்டு நான்காவது இடத்தில்தான் தேடுகிறான். பூர்கோஸ் நகரம் வரை சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அதற்கு மேற்கே லெயோன் வரை நீளும் மெசேத்தா என்ற பீடபூமியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், கண்ணுக்கெட்டிய தூரம் அறுவடை முடிந்த கோதுமை வயல், மரம் என்று ஒன்று தென்பட்டால் நின்று கும்பிடத் தோன்றும். அன்று இருள் பிரியுமுன் பூர்கோஸை விட்டோம். காஸ்ட்ரோஹெரிஸ் ஊரைத் தாண்டியதும் குறுக்கே நிற்கும் மோஸ்டெலாரெஸ் ஏற்றத்தில், நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், வாத்தியார் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏறினார். ஏறி முடித்த பெருமையில் நமக்கெல்லாம் வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு பிரசங்கமும் செய்தார். ஃப்ரோமிஸ்டாவுக்கு முன் வரும் பழைய கால்வாய்க் கரையில் தண்ணீரை ஒட்டியே ஓட்டிச் சென்ற ஒரு மணி நேரம்தான் அந்த நாளின் சுகம்.

பிற்பகல் ஒரு மணிக்குக் கரியோன் தே லோஸ் கோந்தேஸ் வந்து சேர்ந்தபோது 85 கிலோமீட்டர் முடிந்திருந்தது. யாத்திரிகர் விடுதியில் நடந்து வருபவர்களுக்கே முதலிடம், சைக்கிள்காரர்கள் மாலைவரை காத்திருந்தால் மிச்சமிருக்கும் கட்டிலைத் தருவோம் என்றார்கள். அது அந்தப் பாதையின் வழக்கம், நியாயமும்கூட. காத்திருந்திருக்கலாம். ஆனால் உன் ஸ்டேஷன் மாஸ்டரான நான் போட்ட அட்டவணையில் அன்றைய இரவு, அடுத்த ஊரான கல்சடியா தே லா குவேசா என்று எழுதியிருந்தது. இடையில் இருப்பது 17 கிலோமீட்டர். பழைய ரோமானியச் சாலையின் மேல் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் போகும் சரளைப் பாதை. நடுவில் ஊரே கிடையாது. உச்சி வெயிலில் போகக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆகவே மூன்று மணி நேரம் நிழலில் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு சரியாக நான்கு மணிக்குக் கொடியசைத்தேன்.

என் தவறு இந்த நான்கு மணிதான். ஸ்பெயின் நாட்டின் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. 1940இல் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த முள்ளை அவர்கள் திரும்பப் பின்னே இழுக்கவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் ஜூலையில் அந்தப் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டு மணி இருபது நிமிடம் வாக்கில்தான். நான் நான்கு மணி என்று நினைத்துப் புறப்பட்டபோது சூரியனுக்கு இன்னும் இரண்டு மணிகூட ஆகவில்லை. வெப்பம் உச்சத்தைத் தொடுவது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில், அதாவது நாங்கள் சரியாக அந்தப் பொட்டலின் நடுவில் இருக்கும் நேரத்தில். புறப்படும்போதே மருந்துக்கடை வாசல் பலகை 37 டிகிரி என்று காட்டியது. பாதையில் ஒரு நடைப்பயணிகூடக் கண்ணில் படவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக யாத்திரிகர்கள் நடக்கும் வழியில் அந்நேரம் ஏன் ஒருவருமில்லை என்று கேட்கத் தோன்றாத எனக்கு அட்டவணை போடும் வேலை எதற்கு?

இன்னொன்றையும் அன்றுதான் அறிந்தேன். சைக்கிளில் போகிறவனுக்கு எதிர்க்காற்றுதான் விசிறி. வியர்வை உடனுக்குடன் காய்வதால் உடம்பு சூடேறுவது தெரிவதில்லை. அன்று காற்று முதுகுப் பக்கமிருந்து, ஏறக்குறைய எங்கள் வேகத்திலேயே வீசியது. தள்ளிவிடுகிறதே என்று மகிழ்ந்தோம். ஆனால் உடம்பில் காற்றே படாமல், மூடிய அறைக்குள் மிதிப்பது போல் இருந்தது. 17 கிலோமீட்டர்தானே என்று ஆளுக்கு ஒரே ஒரு புட்டி தண்ணீர் போதும் எனக் கணக்குப் போட்டவனும் நானே.

பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு வாத்தியாரின் வண்டி பாதையில் கோலம் போடத் தொடங்கியது. பிறகு நின்றுவிட்டார். முகம் வெளுத்து, உடம்பு ஈரமாகச் சில்லிட்டு, குமட்டி வாந்தி எடுத்தார். இரண்டு சைக்கிள்களைச் சாய்த்து, படுக்கை விரிப்பை மேலே போர்த்தி ஆள் படுக்கும் அளவுக்கு நிழல் உண்டாக்கினோம். தலைக்கவசத்தையும் காலணியையும் கழற்றி, கால்களைப் பையின் மேல் தூக்கிவைத்து, மிச்சமிருந்த தண்ணீரில் பாதியைச் சட்டையில் ஊற்றி, வழியில் முத்திரை வாங்கும் யாத்திரிகர் கையேட்டாலேயே விசிறினோம். மீதியில் உப்புப் பொட்டலத்தைக் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தான் பொருளாளன். அவனுடைய நான்காவது இடத்தில் அன்று அது கிடைத்தது. பேச்சு குழறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசர உதவி எண்ணான 112ஐ அழைப்பது என்று கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் நாம் தங்கியிருந்த விடுதியின் அறை எண்ணைக் கேட்டேன். சரியாகச் சொன்னார். அந்த அறையில் என் பாயை யார் ஒளித்துவைத்தது என்பதையும் கூடவே சொன்னார். முப்பத்தேழு வருடமாக உன்னைச் சந்தேகித்ததற்கு மன்னித்துவிடு.

சிரித்தேன், கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. நண்பா, அவர் எழுந்து உட்காரும்வரை போன முக்கால் மணி நேரத்தில் அவர் வீட்டுக்கு என்ன சொல்வது என்ற வாக்கியத்தை நான் மனத்துக்குள் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். இதை இன்னும் பொருளாளனிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டு மணிவரை அங்கேயே கிடந்து, பிறகு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு மெல்ல நடந்து ஒன்பதரைக்கு ஊர் சேர்ந்தோம். அப்போதும் வெளிச்சம் இருந்தது. மறுநாள் முழுவதும் ஓய்வு. அதற்கு மறுநாள் வாத்தியார் விடியற்காலை ஐந்தரைக்கு எங்களை எழுப்பி, இனிமேல் பதினோரு மணிக்கு மேல் யார் பெடலைத் தொட்டாலும் பிரம்படி என்று அறிவித்தார். அதன்படியே சந்தியாகோ சேர்ந்தோம்.

யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குச் சைக்கிள்காரர்கள் கடைசி 200 கிலோமீட்டரை மிதித்திருந்தால் போதும். நீ பொன்ஃபெர்ராதாவிலிருந்து தொடங்கலாம். அதை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, நான் மட்டுமே கேட்டிருந்தேன். நான் அனுப்பிய தாளில் ‘மாலை 4 மணி, புறப்பாடு’ என்று பதினோரு இடத்தில் வரும். பதினொன்றையும் அடித்துவிடு. அடித்தாயிற்று என்று ஒரு வரி எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

அன்புடன்,
உன் ஸ்டேஷன் மாஸ்டர்