பிள்ளைகளுக்கு எழுதிப் பார்க்க நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பரீட்சை நெருங்கினால் திருகோணமலையில் ஊக்கமூட்டும் கருத்தரங்குகளுக்குக் குறைவிருப்பதில்லை. நடத்துபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள். ஆனால் அங்கே கைதட்டிவிட்டு வந்த பிள்ளை, மூன்றாம் நாள் கொப்பியைத் திறந்து வைத்தபடி ஒன்றும் ஏறாமல் உட்கார்ந்திருக்கும். "படிப்பில மனமில்ல" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் ஒரு நாளை மணிக்கூட்டை வைத்துப் பிரித்துப் பார்த்தால் காரணம் வேறு என்பது தெரியும்.

நிலாவெளியிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளை காலை ஆறு மணி கழிந்ததும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஏழரை முதல் ஒன்றரை வரை பாடசாலை. சாப்பிட்டும் சாப்பிடாமலும் இரண்டரைக்கு ஒரு ரியூசன், ஐந்து மணிக்கு இன்னொன்று. வீடு சேர எட்டு மணி. இந்தப் பதினான்கு மணி நேரத்தில் பிள்ளை கேட்கிறது, பார்க்கிறது, பலகையைப் பார்த்து எழுதுகிறது. தானாக யோசித்து ஒரு வினாவுக்கு விடை எழுதிய நேரம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் அரை மணி கூட வராது. பரீட்சை மண்டபத்தில் செய்யச் சொல்வதோ அந்த ஒன்றை மட்டும்தான்.

திரும்பத் திரும்ப வாசித்தால் படித்துவிட்டோம் என்ற நம்பிக்கை வரும். பாடம் அதே அளவுக்கு நிற்பதில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது. ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 வீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை வாசித்து, பிறகு மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதம்தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதம். இரவு முழுக்கப் புத்தகத்தை விழுந்து விழுந்து வாசித்த பிள்ளை தவணைப் பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்துவிட்டு "எனக்கு மூளை இல்ல" என்று சோர்ந்துபோவது இதனால்தான். பிழை மூளையில் இல்லை, படித்த விதத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிச் சோர்வு போய்விடும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. அன்று படித்த பாடத்தின் கொப்பியை மூடிவிட்டு, வெற்றுத்தாள் ஒன்றில் பத்து நிமிடம் நினைவில் வருவதை எல்லாம் எழுத வேண்டும்: வரைவிலக்கணம், சமன்பாடு, படம், ஆண்டு, எது வந்தாலும். பிறகு கொப்பியைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்புப் பேனையால் நிரப்ப வேண்டும். மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என அதே தலைப்பை மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறைந்துகொண்டு வரும். அது குறைவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறதே, எந்தப் பேச்சாளராலும் கொடுக்க முடியாத ஊக்கம் அது. முதல் வாரம் தாள் பாதி வெறுமையாகத்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இந்த முறையை விட்டுவிடுவது அந்த வாரத்தில்தான். நினைவுக்கு வராமல் தடுமாறும் அந்தக் கஷ்டம்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்து வைத்திருந்து, அந்த வாரத்தைக் கடக்க உதவ வேண்டும்.

அடுத்தது பிழைக் கொப்பி. சாதாரண 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். எந்த ஆண்டு, எத்தனையாம் வினா, என்ன பிழை, மறுபடி செய்த திகதி என நான்கு நிரல்கள் அடித்துக்கொள்ளலாம். மூன்றாம் நிரலில் "கவனக்குறைவு" என்று எழுத விடக்கூடாது, அந்தச் சொல் எதையும் திருத்தாது. பாடம் தெரியவில்லையா, வினாவைப் பிழையாக வாசித்ததா, அலகு விட்டுப்போனதா, குறி மாறியதா, நேரம் முடிந்ததா என்று குறிப்பாக எழுத வேண்டும். நாலைந்து வினாத்தாள்கள் செய்து முடித்தால் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும். புள்ளி கூட்டுவதற்கு மிகக் குறுகிய வழி அந்த ஒன்றைத் திருத்துவதுதான்.

கடந்தகால வினாத்தாள்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் வாங்குகிறார்கள், முறையாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு. விடையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு செய்வது முதலாவது பிழை. மணிக்கூடு இல்லாமல் செய்வது இரண்டாவது. மிக அண்மைய ஆண்டுத் தாள்களை முதலிலேயே செய்து தீர்த்துவிடுவது மூன்றாவது. கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களைத் தொடாமல் வைத்திருந்து பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மண்டபத்தில் எழுதுவது போலவே எழுத வேண்டும். பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய தாள்களில் இப்போது இல்லாத பகுதிகளும் வரும், எதை விடலாம் என்று பாட ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாளை எழுத எடுத்த நேரத்தில் பாதியையாவது திருத்துவதற்கு ஒதுக்க வேண்டும். இறுதி விடை மட்டும் சரியா என்று பார்ப்பது திருத்தம் ஆகாது. புள்ளித்திட்டத்தில் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று பார்த்துத் திருத்த வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ்மொழி வினாத்தாள்களும் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவர் இறக்கினால் ஒரு வகுப்பே பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

சாதாரண தரக் கணிதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும் அதற்குத்தான். முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம். அ பகுதியில் தலா 2 புள்ளிக்கு 25 குறுவினாக்கள், ஆ பகுதியில் தலா 10 புள்ளிக்கு ஐந்து வினாக்கள். குறுவினா ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 50 நிமிடம், ஆ பகுதி வினாவுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் ஒரு மணித்தியாலம், மீதி பத்து நிமிடம் சரிபார்க்க. ஒரு குறுவினாவில் பத்து நிமிடம் முட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, 2 புள்ளிக்காக ஆ பகுதியில் கிட்டத்தட்ட ஒரு முழு வினாவை விட்டுக்கொடுக்கிறது. இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம். இரண்டு பகுதிகளிலும் ஆறு ஆறு வினாக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து செய்ய வேண்டும். அ பகுதி இலகு என்று ஆறையும் செய்துவிட்டு ஆ பகுதியில் நான்கோடு நிறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறாவதுக்குப் புள்ளி சேராது, உழைப்பு வீண். வினா ஒன்றுக்குப் பதினாறு நிமிடம் வைத்தால் கடைசியில் இருபது நிமிடம் கையில் நிற்கும். கேத்திரகணித அமைப்பு வினாவில் கவராயத்தால் வரைந்த வில்லை அழித்துவிடாதீர்கள், அந்த வில்லுக்கும் புள்ளி உண்டு. கணிப்பான் கொண்டுபோக முடியாது என்பதால் வீட்டில் கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தைப் பத்தாம் ஆண்டிலேயே நிறுத்த வேண்டும். பதினோராம் ஆண்டில் வாய்ப்பாடு தடுமாறினால் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் பல்தேர்வுத் தாள் 50 வினாக்கள், இரண்டு மணித்தியாலம்: வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. இணைந்த கணிதத்தில் அ பகுதி பத்து வினாக்களும் தலா 25 புள்ளி, ஆ பகுதியில் ஏழில் ஐந்து, தலா 150. அதாவது அ பகுதி முழுவதும் கால்வாசிப் புள்ளிதான், அதற்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் செலவழிப்பது பெருநட்டம்.

இனி, எங்கள் ஊருக்கே உரிய சில விஷயங்கள். கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் கீழே பின்னேரம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து படிப்பது வீண் முயற்சி. அந்த நேரத்தில் அரை மணி நித்திரை கொள்ளட்டும். கடினமான பாடத்துக்கு விடியற்காலை நாலரை முதல் ஆறு வரை இருக்கிறது. ஆனால் விடிய எழும்பும் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும், பகல் நித்திரையோடு சேர்த்தால் எட்டு மணி நேரம் வரும். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர நித்திரை தேவை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரவு பன்னிரண்டு வரையும் விழித்து, விடிய நாலரைக்கும் எழுப்பினால் வகுப்பில் கண் திறந்திருக்கும், காதில் ஒன்றும் விழாது. கைத்தொலைபேசி பற்றிச் சுருக்கமாக: வட்ஸ்அப்பில் வரும் செயலட்டையைக் கொப்பியில் எழுதிக்கொண்டதும் படிக்கும் நேரம் முழுக்க அது அம்மாவிடம் இருக்கட்டும்.

உயர்தரப் பரீட்சை நவம்பரில் வந்தால் மாரியும் கூடவே வரும். 2024 இல் தொடங்கிய பரீட்சை, வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பரில்தான் தொடர்ந்தது. 2025 இலும் டித்வா புயலால் மீதித் தாள்கள் தள்ளிப் போயின. அனுமதி அட்டை, அடையாள அட்டை, குறிப்புகள் எல்லாம் பொலித்தீன் உறையில் இருக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் என்று வைத்தே சார்ஜ் விளக்கு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்தில் வெள்ளம் ஏறும் இடங்களில் இருப்பவர்கள் பரீட்சை நிலையத்துக்குக் கிட்டவுள்ள உறவினர் வீட்டில் தங்குவதற்கு முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. பரீட்சை இடையில் நின்றால் அந்த நாட்களில் எழுதி முடித்த தாளைப் பற்றி ஆராயாமல், மீதியுள்ள பாடத்தில் தினமும் ஒரு பல்தேர்வுத் தாளாவது நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். பத்து நாள் கை விட்டால் வேகம் குறைந்துவிடும்.

மிகவும் கவலை தருபவர்கள் இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுபவர்கள். பாடசாலை மணி இல்லை, சீருடை இல்லை, நண்பர்கள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தால் பத்து மணிக்கு எழும்பி நாள் கலைந்துவிடும். இவர்கள் காலை எட்டரைக்கு உடுத்து வெளிக்கிட்டு நூலகத்திலோ பழைய பாடசாலையிலோ போய் உட்கார வேண்டும். வெறும் புள்ளியை ஒப்பிட்டு மனம் உடைவதும் வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளி என்பது அந்த ஆண்டு அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் நீங்கள் எவ்வளவு விலகி நிற்கிறீர்கள் என்பதைக் காட்டுவது. கடினமான தாளில் எடுத்த 55, இலகுவான தாளில் எடுத்த 65ஐ விட மேலாக நிற்கலாம். பல கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் போகின்றன. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. "கொழும்புப் பிள்ளைகளோட எங்கட பிள்ளை எங்க?" என்று கேட்கும் பெற்றோர் இதை ஒரு தடவை விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு பாடத்தில் ஐந்து புள்ளி கூடுவது உண்மையிலேயே ஒரு இடத்தை மாற்றக்கூடும்.

சம்பந்தப்பட்டவர்களிடம் சில வேண்டுகோள்கள். ரியூசன் நடத்துவோர் இரண்டு மணி நேர வகுப்பில் கடைசி அரை மணியைப் பிள்ளைகள் மௌனமாக எழுதுவதற்கு விடலாம், விளக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பதினோராம், பதின்மூன்றாம் ஆண்டு வகுப்புகளைப் பின்னேரம் ஆறு மணியோடு முடித்தால் பெரிய உதவி. உள்ளூராட்சி சபைகள் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமாவது நூலக வாசிப்பறைகளை இரவு எட்டு மணிவரை திறந்து வைக்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மேசையும் விளக்கும் மின்விசிறியும் கிடைப்பது பெரிய விஷயம். கோவில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்கள் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியை உள்வீதியோடு வைத்துக்கொண்டால் தெய்வம் கோபிக்காது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. அந்த நாட்களையும் "கடைசி நேர எதிர்பார்ப்பு வினா" என்று யூரியூப்பில் தேடித் தொலைக்காமல், பிழைக் கொப்பியோடு மட்டும் இருக்கப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாதிரி வினாத்தாள்களை வெளியிடும் பத்திரிகைகள் விடையையும் அதே இதழில், பல வேளை அதே பக்கத்தில் அச்சிடுகின்றன. பிள்ளையின் கண் தானாகவே விடைக்குப் போய்விடுகிறது. தங்கள் பத்திரிகையில் வினாக்களை ஒரு வாரமும், விடைகளைப் படிப்படியான புள்ளித்திட்டத்தோடு மறுவாரமும் வெளியிட முடியுமா? வினாக்களுக்கு மேலே "நேரம்: இவ்வளவு நிமிடம்" என்ற ஒரு வரியும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுநிலை கணித ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.